தொட்டியில் நாற்பத்தெட்டு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சூரிச்சில் நான் வேலை பார்க்கும் சின்னஞ்சிறு கம்பெனி, ஒரு தொட்டியில் எவ்வளவு திரவம் இருக்கிறது என்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லும் கருவி ஒன்றைச் செய்தது.
2. சுவிட்சர்லாந்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் இல்லை.
3. ஆகவே, மயிலாப்பூரில் என் அப்பா அம்மா குடியிருக்கும் எட்டு வீட்டு ஃபிளாட்டின் மொட்டைமாடித் தொட்டியில் அதை மாட்டினோம்.
4. கருவி மிகச் சரியாக வேலை செய்தது.
5. அதனால், சாயங்காலம் வரை வந்துகொண்டிருந்த தண்ணீர் காலை எட்டு மணிக்கே தீர ஆரம்பித்தது.
6. எங்கள் கம்பெனியில் பணம் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அம்மையார், இதை நேரில் பார்க்க விமானம் ஏறினார்.

ஏழாவதாக நடந்தது பட்டியலில் அடங்காது. அதைச் செய்தவர் என் அப்பா.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் சுதா. என்னோடு கல்லூரியில் படித்தவள், அடையாற்றில் சொந்தமாக ஒரு மென்பொருள் கம்பெனி தொடங்கப்போகிறாள். போன வாரம் மின்னஞ்சலில் கேட்டிருந்தாள்: "ரெண்டு வருஷமா அங்க குப்பை கொட்டறே. சுவிஸ்ல கம்பெனி ஆரம்பிக்கறவா, அதுல பணம் போடறவா இவாகிட்டேர்ந்து கத்துண்டதைப் பத்துப் பாடமா எழுதி அனுப்பு." உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பத்து தேறவில்லை. மூன்று தேறும் போலிருக்கிறது. முதலாவது துணி துவைப்பது பற்றியது.

ஒன்று: என் வியாழக்கிழமை

நான் குடியிருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் அது ஒன்றுதான். யாருக்கு எந்த நாள் என்று சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கும். எனக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமை. உடுத்த ஒன்றுமே இல்லை என்றாலும் வெள்ளிக்கிழமை நான் துவைக்கக் கூடாது. அது இரண்டாம் மாடிக்காரருடைய வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை யாருமே துவைக்கக் கூடாது. காலி பாட்டிலைக்கூட அன்றைக்குத் தெருமுனைப் பெட்டியில் போடக் கூடாது, சத்தம் கேட்கும்.

வந்த புதிதில் ஒரு வியாழக்கிழமை, துவைத்து முடித்தபின் வடிகட்டியில் தங்கிய பஞ்சை எடுக்காமல் மேலே போய்விட்டேன். மறுநாள் என் கதவில் ஒரு சீட்டு. மணிமணியான கையெழுத்து. "மதிப்புக்குரிய திருமதி கோபாலன், உங்கள் பஞ்சை இத்துடன் இணைத்துள்ளேன். அன்பான வாழ்த்துகள்." கூடவே ஒரு சின்ன உறை. உள்ளே என் பஞ்சு.

கோபாலன் என் அப்பாவின் பெயர். என் பெயர் வசுதா. வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "எல்லோருக்கும் உண்டு" என்றார் அந்த அதிகாரி, எனக்கு ஏதோ ஓர் உறுப்பு குறைவது போலப் பார்த்துக்கொண்டு. பாஸ்போர்ட்டைப் புரட்டி, இன்ஷியலை விரித்து, அப்பாவை எடுத்து எனக்குப் பின்னால் வைத்துவிட்டார். அங்கே வயது வந்த பெண்கள் எல்லோருமே திருமதிதான். ஆகவே கல்யாணமாகாத நான் அன்றிலிருந்து திருமதி கோபாலன். தொலைபேசியில் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவேயில்லை. பிறகு, "திருமதி கோபாலன்னா அது நான்னாடி?" என்றாள்.

அந்த அலுவலகம் கொடுத்த அனுமதிச் சீட்டில் என் பெயருக்குக் கீழே கம்பெனியின் பெயரும் இருந்தது. கம்பெனி இருக்கும்வரை நான் அங்கே இருக்கலாம். கம்பெனி மூடினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதைச் சொன்னபோதும் அம்மா பேசவில்லை. ஆனால் இந்த மௌனத்தில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ரெட்டோ. முப்பது தாண்டிய வயது, எந்த மழையிலும் சைக்கிள், பன்னிரண்டு அடித்தால் சாப்பாடு. எங்கள் அலுவலகம் ஒரு பழைய நூற்பாலையின் மாடியில் இருந்தது. இன்னொருவர் ஊர்ஸ், சர்க்யூட் செய்பவர், பேசமாட்டார். ரெட்டோ அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

ரெட்டோவின் வீட்டுத் துவைக்கும் அறையில், ஒவ்வொரு வீடும் எவ்வளவு வெந்நீர் செலவழிக்கிறது என்று காட்டும் மீட்டர்கள் வரிசையாக இருந்தன. யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அதிகம் செலவழித்தவர் அடுத்த மாதம் தானாகவே குறைத்துக்கொள்வார். இதைப் பார்த்துத்தான் ரெட்டோவுக்குத் தன் கருவியோடு கூட, சிவப்பு எண்கள் ஒளிரும் ஒரு சின்னப் பலகையை வீட்டுக்கு வீடு மாட்டலாம் என்ற யோசனை வந்தது.

"உபதேசம் வேண்டாம், திட்ட வேண்டாம்" என்பார். "ஒரு எண்ணைச் சுவரில் மாட்டு. அதைப் பார்க்கிற மனிதன் தானாகவே சிக்கனமாகிவிடுவான்."

பஞ்சு உறையைக் கையில் வாங்கியவள் என்ற முறையில் நானும் நம்பினேன்.

இரண்டு: ஆகாதது முதலில்

திங்கட்கிழமை காலை எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ரெட்டோ கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "எது சரியாக நடக்கவில்லை?"

என் முதல் திங்கட்கிழமை. ஊர்ஸ் சொன்னார்: "சர்க்யூட் சூடாகிறது. ஏன் என்று தெரியவில்லை." விற்பனையைப் பார்க்கும் பெண் சொன்னாள்: "பால் பண்ணைக்காரர் ஃபோனை எடுப்பதில்லை. நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது." என் முறை வந்தது. "எல்லாம் நன்றாகப் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஆகிவிடும்" என்றேன். கூடவே தலையும் ஆடியது.

ரெட்டோ பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: "வாய் ஆகிவிடும் என்கிறது. தலை இல்லை என்கிறது. எதை எழுதிக்கொள்வது?"

பாண்டி பஜாரில் எங்களுக்கு ஒரு டெய்லர் இருக்கிறார். துணியை இன்னும் வெட்டக்கூட இல்லாதபோதும், "சாயங்காலம் ஆயிடும்மா" என்பார். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. வெயிலில் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல், ஒரு "ஆயிடும்" கொடுத்து அனுப்புகிறார், அவ்வளவுதான். நானும் அதே மரியாதையைத்தான் சூரிச்சில் செய்தேன். அங்கே யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

திருமதி கெல்லர் எங்கள் அலுவலகத்துக்கு முதலில் வந்தபோது இது இன்னும் நன்றாக விளங்கியது. அறுபது தாண்டிய வயது. குடும்பத்தின் தறித் தொழிற்சாலையை விற்றுவிட்டு, புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிறவர். முழங்கை கிழிந்து தைத்த ஸ்வெட்டரோடு டிராமில் வந்து இறங்கினார். உட்கார்ந்ததும், "இந்தக் கம்பெனி எதனால் செத்துப்போகும்?" என்று கேட்டார். ரெட்டோ முகம் மலர்ந்து மூன்று காரணம் சொன்னார். நான்காவதை ஊர்ஸ் சொன்னார். அன்றைக்குத்தான் ஊர்ஸ் அத்தனை நீளமாகப் பேசிக் கேட்டேன்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் அப்பாவே, "இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டாள்" என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? ஆனால் திருமதி கெல்லர் காபியை முடித்துவிட்டு, "இந்தக் கருவி உண்மையாகவே தேவைப்படுகிற ஒரே ஓர் இடத்தைக் காட்டுங்கள். பிறகு முடிவு சொல்கிறேன்" என்றார்.

இந்த ஆகாததைச் சொல்லும் வழக்கம் தொற்றக்கூடியது. நான் முருங்கைக்காய் வாங்கும் கடை ஒரு யாழ்ப்பாணத்துக்காரருடையது. சூரிச்சிலேயே பிறந்த அவர் மகளுக்கு ஏழு வயது இருக்கும். ஒரு நாள் காய் இல்லை. "நாளைக்கு வந்திடும் தங்கச்சி" என்றார் அவர். கல்லாவுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வராது அக்கா. அப்பா சும்மா சொல்லுறார். செவ்வாய்க்கிழமைதான் வரும்." அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பிள்ளை தமிழ் மறந்துவிடுமோ என்று அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர். தமிழ் அப்படியேதான் இருந்தது. "ஆயிடும்" மட்டும் போய்விட்டது.

மூன்று: மொட்டைமாடி

திருமதி கெல்லர் கேட்ட ஒரே ஓர் இடம் மயிலாப்பூர் என்று நான்தான் சொன்னேன். ரெட்டோவும் ஊர்ஸும் போட்டிருந்த சொந்தப் பணம் பனிக்காலம் வரைதான் தாங்கும். அதற்குள் அந்த அம்மையார் சரி என்று சொல்லவில்லை என்றால் கம்பெனி இல்லை. என் அனுமதிச் சீட்டும் இல்லை.

ரெட்டோவும் நானும் கருவியோடு சென்னை வந்து இறங்கினோம். எங்கள் ஃபிளாட்டின் சங்கத்துக்குச் செகரட்டரி என் அப்பா. அனுமதி கிடைப்பது சுலபம் என்று நினைத்தேன். ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் நாற்காலி போட்டு நடந்த கூட்டத்தில் இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். தண்ணீரில் மின்சாரம் பாயுமா என்றும், பாய்ந்தால் சங்கம் பொறுப்பா, சுவிஸ் பொறுப்பா என்றும். கடைசியில் கீழ்வீட்டு பத்மா மாமி, "அந்தப் பிள்ளையாண்டான் அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்திருக்கான். மாட்டிட்டுப் போட்டுமே" என்று முடித்துவைத்தாள்.

கத்திரி வெயிலில், தலையில் ஈரத்துண்டோடு ரெட்டோ தொட்டிமேல் ஏறி உட்கார்ந்தார். நான் ஒயர் பிடித்தேன். வாட்ச்மேன் ஏழுமலை கீழேயிருந்து வந்து பார்த்தான்.

"இன்னாக்கா இது, தண்ணிக்குத் தெர்மாமீட்டரா?"

"எவ்வளவு தண்ணி இருக்குன்னு சொல்லும், ஏழுமலை."

"அது நான் சொல்ல மாட்டேனா? கீது, இல்ல. ரெண்டுதானேக்கா?"

அப்பா மட்டும் ஒரு நல்ல கேள்வி கேட்டார். காலையில் கீழ்த்தொட்டியிலிருந்து மேலே தண்ணீர் ஏற்ற ஏழுமலை மோட்டார் போடுவான். போட்டுவிட்டு டீக்கடையில் யாரோடாவது பேச உட்கார்ந்துவிடுவான். மேல்தொட்டி நிரம்பி, வழிந்து, சுவரெல்லாம் ஓடித் தெருவில் போகும்போது எட்டு வீட்டு ஜன்னலிலிருந்தும் "மோட்டார்!" என்று குரல் எழும். இது தினசரி நடப்பு.

"தொட்டி ரொம்பினா மோட்டார் தானா நின்னுடுமோ?" என்று அப்பா என்னைக் கேட்கச் சொன்னார்.

ரெட்டோ சிரித்தார். "அது மிகச் சுலபம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யும். நாங்கள் அளவையே காட்டுகிறோம்."

அப்பா "ஓ" என்றார். பெரிய விஷயத்துக்கு நடுவில் சின்ன விஷயம் கேட்டுவிட்டோமே என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

எட்டு வீட்டுக் கூடத்திலும் சிவப்பு எண்கள் ஒளிர்ந்தன. நூறு என்றால் தொட்டி நிறைய. பூஜ்யம் என்றால் காலி. எங்கள் வீட்டில் அம்மா பாட்டு வகுப்பு எடுக்கும் இடத்துக்கு நேர் எதிரே அதை மாட்டினோம்.

நான்கு: நாற்பத்தெட்டு

சில நாட்களில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. ஒன்பது மணிக்குக் குளிக்கப் போன மூன்றாம் மாடிக்காரர் சோப்போடு வெளியே வந்தார். மறுநாள் எட்டரைக்கே நின்றது. பிறகு எட்டு.

ரெட்டோ தன் மடிக்கணினியில் வரைபடத்தைக் காட்டினார். காலை ஆறரையிலிருந்து கோடு மெதுவாக இறங்கியது. பாதியை நெருங்கியதும், மாடியிலிருந்து விழுந்தது போல நேர்கீழே போயிற்று. எங்கேயோ குழாய் உடைந்திருக்கிறது என்றார். இருவருமாக எட்டு வீட்டுக் கழிப்பறையிலும் தலையை நுழைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

கடைசியாக எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தேன். கால் வைக்க இடமில்லை. அண்டா, இரண்டு குடம், நாலு பக்கெட், இட்லிப் பாத்திரம், கொலுவுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் பித்தளைத் தவலை. எல்லாம் விளிம்புவரை தண்ணீர்.

"என்னம்மா இது, கல்யாணச் சமையலா?"

"நாப்பத்தெட்டுன்னு போட்டிருந்ததுடி. பத்மா ரொப்ப ஆரம்பிச்சுட்டா. நான் மட்டும் கையைக் கட்டிண்டு பாத்துண்டிருக்கணுமா?"

"பத்மா மாமி ரொப்பறான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நாப்பத்தெட்டு நாப்பத்தஞ்சு ஆச்சே!"

கீழே போய் பத்மா மாமியைக் கேட்டேன். "உங்கம்மாதான் முதல்ல ஆரம்பிச்சா. நாப்பத்தஞ்சு நாப்பதாச்சு. நான் சும்மா இருப்பேனா?" என்றாள். மூன்றாம் மாடியில் குழந்தையைப் பலகைக்கு முன்னால் காவல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஐம்பதுக்குக் கீழே போனால் கத்த வேண்டும் என்று உத்தரவு.

"சரி, ரொப்பினதுதான் ரொப்பினே. மறுநாள் அதையே உபயோகப்படுத்தினா புதுசாப் பிடிக்க வேண்டாமே?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நேத்திக்குத் தண்ணியிலயா சமைப்பா? அங்க போய் எல்லாத்தையும் விட்டுட்டியாடி?" தினமும் காலையில் எட்டு வீட்டிலும் பழைய தண்ணீரைச் செடிக்கும் வாசலுக்கும் கொட்டிவிட்டு, பாத்திரம் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசல் அந்த மாதத்தில்தான் பளிச்சென்று இருந்தது.

முன்பெல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். தண்ணீரும் சாயங்காலம் வரை வந்தது.

ரெட்டோவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். தொட்டி நிழலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு லஸ்ஸில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், திருமதி கெல்லருக்கு எழுதப்போவதாகச் சொன்னார். "கருவி சரி. விளைவு மோசம். எட்டு மணிக்குத் தொட்டி காலி. வந்து பாருங்கள்." இதுதான் கடிதம்.

"கொஞ்சம் பொறுங்கள். சரிசெய்துவிட்டு எழுதலாம்" என்று கெஞ்சினேன்.

"சரிசெய்தபின் எழுதினால் அது விளம்பரம்" என்றார்.

மறுநாள் பதில் வந்தது. வருகிறார்.

ஐந்து: விருந்தாளி

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "அந்த மாமி வேண்டாம்னுட்டா கம்பெனியை மூடிடுவாளோ?"

"மூடிடுவா."

"மூடினா மூடட்டுமே. சுதா அடையார்ல ஆரம்பிக்கப்போறாளோல்லியோ, உனக்கொரு வேலை குடுக்க மாட்டாளா? பல்லவன் பஸ்ஸில பத்து நிமிஷம். ஆத்துல சாப்பிட்டுட்டுப் போலாம்."

அப்பா மோர் சாதத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அவ வரணும்னு தோணினா வரட்டும். தொட்டியில தண்ணி இல்லேன்னு வரப்படாது."

அப்பா கையைக் கழுவிவிட்டு, ஏழுமலையைத் தேடிக் கீழே போனார். அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

திருமதி கெல்லர் ஒரு காலை பத்து மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினார். அதே ஸ்வெட்டரைக் கையில் மடித்து வைத்திருந்தார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு என் காதில், "பணக்கார மாமின்னு சொன்னே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவர் அப்பாவை "திரு கோபாலன்" என்றும், அம்மாவை "திருமதி கோபாலன்" என்றும், என்னைத் "திருமதி கோபாலன்" என்றும் வரிசையாக அழைத்துக் கைகுலுக்கினார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கூடத்துக்கு வந்தோம். பலகையில் சிவப்பாக ஒளிர்ந்த எண், நூறு.

பத்து மணிக்கு நூறு என்பது, ஒரு மாதமாக நாங்கள் பார்த்தேயிராத காட்சி. ரெட்டோவின் முகம் வெளுத்தது. திருமதி கெல்லர் எண்ணைப் பார்த்தார், ரெட்டோவைப் பார்த்தார், சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது.

"எட்டு மணிக்குத் தொட்டி காலி என்று எழுதியிருந்தீர்கள்."

ரெட்டோ மாடிப்படி ஏறினார். நாங்களும், விருந்தாளியைப் பார்க்கக் கூடியிருந்த எட்டு வீட்டாரும் பின்னால் ஏறினோம். தொட்டி மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் கழியை உள்ளே விட்டு எடுத்தார். கழி முழுக்க ஈரம். கருவி சொன்னது சரி. தொட்டி நிஜமாகவே நிறைந்திருந்தது.

"தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று திருமதி கெல்லர் கேட்டார்.

"தெரியவில்லை" என்றார் ரெட்டோ. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு சிறிய குரலில் வந்து நான் கேட்டதில்லை.

அப்பா இங்கிலீஷில் உதவிக்கு வந்தார். "ஃப்ரம் பிலோ, மேடம்."

நான் திரும்பிப் பார்த்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், தடித்த ஹோஸ் பைப் உரசிய ஈரத்தடம் பளபளத்தது. அப்பா என்னைப் பார்க்காமல் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பேசாமலிருந்தால், தொட்டி நிறைந்த வீடு என்று அந்த அம்மையார் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டாலும் போடுவார். ஆனால் ரெட்டோ எழுதியது பொய்யாகிவிடும். பேசினால், எட்டு வீட்டாருக்கு முன்னால் அப்பா தலைகுனிய வேண்டும்.

"லாரித் தண்ணீர்" என்றேன் ஜெர்மனில். "என் அப்பா வரவழைத்தது. நீங்கள் வருவதற்காக."

பிறகு அதையே தமிழில் அப்பாவிடம் சொன்னேன், அவருக்குத் தெரியாமல் சொல்லிவிட்டதாக இருக்கக் கூடாதென்று. அவர் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து ஏழுமலையின் குரல் வந்தது.

"சார்! ரெண்டாவது லோடு வந்துகினு கீது! வெள்ளக்காரம்மா இருக்கசொல்லவே ஊத்தறதா, போனப்பொறம் ஊத்தறதா?"

பத்மா மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அதையும் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை விடவில்லை.

"இரண்டாவது எதற்கு?" என்றார் திருமதி கெல்லர்.

அப்பா இங்கிலீஷைக் கைவிட்டார். "சொல்லுடி அவகிட்ட. இவா எல்லாரும் நூறுன்னு பாத்தா குளிக்க ஆரம்பிச்சுடுவா. அதுக்குத்தான் ரெண்டாவது. ஆத்துக்கு மனுஷா வரச்சே தொட்டி காலின்னா காட்டுவா?"

சொன்னேன். திருமதி கெல்லர், தன் அம்மாவும் பனிக்காலத்தில் யாராவது வந்தால் விறகைக் கொட்டகையின் முன்வரிசையில் மட்டும் கூரைவரை அடுக்கி வைப்பாள் என்றார். பின்னால் ஒன்றுமே இருக்காதாம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா?" என்று எல்லோரையும் பார்த்துத் திரும்பினார். தலைகுனிவு அதோடு முடிந்தது.

அம்மா திருமதி கெல்லரைக் குளியலறைக்கு அழைத்துப்போய் அண்டா குண்டாவெல்லாம் காட்டினாள், நவராத்திரிக்குக் கொலு காட்டுவது போல. கூடத்தில் காபி வந்தது. திருமதி கெல்லர் டபராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இந்த எண்ணை இங்கே யார் கேட்டார்கள்?"

"யாரும் கேட்கவில்லை" என்றார் ரெட்டோ.

"என்ன கேட்டார்கள்?"

ரெட்டோ என்னைப் பார்த்தார். "தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்று கேட்டார்கள்" என்றேன். மோட்டார் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா எழுந்தே விட்டார். "ஃபர்ஸ்ட் டே! ஃபர்ஸ்ட் டே ஐ ஆஸ்க்ட்!"

"அதைச் செய்யுங்கள். எண்களைக் கழற்றிவிடுங்கள். ஓராண்டுக்குப் பணம் போடுகிறேன்."

"என் மில்லிமீட்டர்?" என்றார் ரெட்டோ. குழந்தையின் பொம்மையைப் பிடுங்கியது போல இருந்தது.

"மில்லிமீட்டரைப் பெட்டிக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்."

கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "ரெட்டோ கெட்ட செய்தியை நான் கேட்கும் முன்பே எழுதினார். நீங்கள் நல்ல செய்தி பொய் என்று சொன்னீர்கள். நான் பணம் போட்டது இதற்கு. தொட்டிக்கு இல்லை." அம்மா, "என்னடி சொல்றா?" என்று கேட்டாள். "காபி நன்னாருக்காம்" என்றேன். அதுவும் அவர் சொன்னதுதான், ஆனால் முன்பே.

ஆறு: இப்போது

எண் பலகைகளைத் திரும்ப வாங்க ரெட்டோ வீடு வீடாகப் போனார். ஒருவரும் கொடுக்கவில்லை. சங்கக் கூட்டம் போட்டு, "மாட்டியது மாட்டியதாகவே இருக்கட்டும்" என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள். கடைசியில் ஒயரை மட்டும் வெட்டிவிட்டு வந்தோம். எட்டுப் பலகைகளும் இருட்டாகச் சுவரில் தொங்குகின்றன. போன ஆயுத பூஜைக்கு அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாளாம்.

சுதாவுக்கு இதை அப்படியே அனுப்பினேன். "பாடம் எங்கேடி?" என்று பதில் போட்டிருக்கிறாள். அவள் கம்பெனிக்கு என்ன குறை என்று முதலில் எனக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். இதுவரை வந்த பதில்: "எல்லாம் ஆயிடும்."

இன்றைய நிலை: கம்பெனி இருக்கிறது. மோட்டாரை நிறுத்தும் பெட்டி செய்கிறோம், அதில் ஒரே ஒரு பச்சை விளக்கு. என் அனுமதிச் சீட்டு இன்னும் ஓராண்டுக்குச் செல்லும், திருமதி கோபாலன் என்ற பெயரிலேயே. வியாழக்கிழமை துவைக்கிறேன், பஞ்சை எடுத்துவிடுகிறேன். மயிலாப்பூரில் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வரை வருகிறது.